சீட்டுக் காசில் ஒரு கமரா

2025ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு எங்கள் இளைய மகளுக்கு நிகாஹ் நாள் குறித்தோம். ஓகஸ்ட் மாதம் கலியாணம். நகை நட்டு, வீட்டுச் சாமான், மண்டபம், சாப்பாடு என்று பெரிய செலவுகளெல்லாம் அவளது வாப்பாவின் கணக்கில். தங்கம் விற்கிற விலையில் அந்த மனிதர் இரவில் கல்குலேட்டரோடுதான் தூங்கினார். அந்தக் கணக்கில் நான் தலையிடவில்லை. ஆனாலும் பெற்றவள் என்ற முறையில் என் சொந்தக் காசில், என் கையால் பிள்ளைக்கு ஒன்று கொடுக்க வேண்டும் என்று எனக்கொரு ஆசை. நாங்கள் பத்துப் பெண்கள் சேர்ந்து மாதம் மூவாயிரம் ரூபாய்ச் சீட்டுப் போடுகிறோம். மே மாதச் சீட்டை எனக்குத் தரும்படி முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தேன். முப்பதாயிரம் ரூபாய்.

இன்றைய விலைவாசியில் முப்பதாயிரத்துக்கு ஒரு சாரி வாங்கலாம், அல்லது கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு மோதிரம் வாங்கலாம். எதற்கும் அவளிடமே கேட்டு விடுவோம் என்று, "மகள், உம்மா உங்களுக்கு என்ன எடுத்துத் தரட்டும்?" என்று கேட்டேன்.

"கமரா ஒண்டு எடுத்துத் தாங்க உம்மா. மெல்லிய, ஹேண்ட் பேக்குக்குள்ள போடக்கூடிய சின்னக் கமரா."

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஏன் மகள், வீட்டில நாலு போன் ஈக்குதே. அதில எடுக்க ஏலாத போட்டோவா?"

"போன் வேணாம் எண்டுதானே கமரா கேக்கிறன். தாத்தாட கலியாணம் உங்களுக்கு மறந்திட்டா?"

மறக்கவில்லை. மறக்கிற விடயமா அது?

மூத்தவளின் கலியாணம் 2018 டிசம்பரில் நடந்தது. ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம் என்று நடுவில் திரை போட்ட மண்டபம். பெண்கள் பக்கம்தானே என்று மணப்பெண் தலை திறந்து, பூ வைத்து, எங்கள் பிள்ளையா இது என்று நாங்களே பார்த்து நிற்கும்படி மாஷா அல்லாஹ் அவ்வளவு அழகாக இருந்தாள். போட்டோ பிடிக்க ஆளே வைக்கவில்லை. அதுதான் பாதுகாப்பு என்று நினைத்தோம். வந்திருந்த இருநூறு பெண்களில் ஏறக்குறைய எல்லாருடைய கையிலும் ஒரு கமரா இருந்தது என்பது எங்கள் புத்தியில் படவில்லை. கைத்தொலைபேசியை அப்போது நாங்கள் கமரா என்ற கணக்கில் சேர்க்கவில்லை.

அன்று அஸருக்கு முன்பே மகளோடு கூடப் படித்த பிள்ளையொன்று அவளது படத்தை வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. தோழிக்காக துஆச் செய்யுங்கள் என்று எழுதித்தான் போட்டிருந்தாள். அதை யாரோ எடுத்து ஒரு குழுவுக்கு அனுப்ப, அங்கிருந்து அது இன்னும் எங்கெல்லாமோ போய், மூன்றாம் நாள் மருமகன் வேலை செய்யும் இடத்தில் ஒருவர் தன் போனை நீட்டி, "இது உங்கட வைஃப்தானே?" என்று கேட்டிருக்கிறார். மருமகன் நல்ல பிள்ளை. வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர் ஏசியிருந்தால்கூட எங்களுக்குப் பாரம் குறைந்திருக்கும். மகள் அறைக்குள் இருந்து அழுதாள். அந்தத் தோழி ஓடி வந்து மன்னிப்புக் கேட்டு, எங்கள் முன்னாலேயே படத்தை அழித்தாள். அவளால் அழிக்க முடிந்தது அவளுடைய போனில் இருந்ததை மட்டும்தான். மற்றவர்களின் போன்களில் தானாகவே பதிந்து கொண்டதை யார் போய் அழிப்பது? அது யார் யாரிடம் இருக்கிறது என்று இன்று வரை எங்களுக்குத் தெரியாது. ஒரு முகம் கிடைத்தால் அதை எந்த உடம்பிலும் ஒட்டலாம் என்ற காலம் இப்போது வந்திருப்பதை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது.

அன்றிரவு தாத்தாவின் பக்கத்தில் இருந்தவள் இளையவள்தான். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது.

"அப்ப போட்டோவே வேணாம். ஒருத்தரும் எடுக்கக் கூடாது எண்டு சொல்லிடுவம்" என்றேன்.

"இல்ல உம்மா. எனக்குப் படம் வேணும். எனக்குப் பாக்க, நாளைக்கு என்ட பிள்ளைகள் பாக்க. ஊர் பாக்க வேணாம். அதுக்குத்தான் நெட் இல்லாத கமரா. எடுத்த படம் அந்தக் கார்டுக்குள்ள மட்டும்தான் ஈக்கும். கார்ட் என்ட கையில ஈக்கும்."

புகைப்படம் கூடுமா, கூடாதா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதை நான் அறிவேன். அந்த விவாதத்துக்குள் நுழைய எனக்கு இல்முமில்லை, துணிவுமில்லை. எங்கள் வீட்டில் படங்களைச் சுவரில் மாட்டுவதில்லை. அல்பத்தில் வைத்திருப்போம். அந்த அளவுதான். ஆனால் "எனக்குப் பாக்க" என்று அவள் சொன்ன சொல் எனக்கு என் உம்மாவை ஞாபகப்படுத்திவிட்டது.

என் உம்மாவின் கலியாணம் 1961இல். அந்தக் கலியாணத்தில் எடுத்த படம் என்று ஒன்றுமே இல்லை. மார்க்கப் பேணுதல் ஒரு காரணம். வாப்பா சொன்ன இன்னொரு காரணம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "றோலக் கழுவ ஸ்டூடியோக்குக் குடுக்கணும். அங்க ஒருத்தன் இருட்டறைக்குள்ள வெச்சு எங்கட பொண்டுகள்ர முகத்தப் பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பாப்பான். பொறகு ஒரு கொப்பி கண்ணாடிப் பெட்டிக்குள்ள தொங்கும்" என்பார். ஸ்டூடியோக்காரர்கள் வாசலில் மணப்பெண்களின் படங்களைப் பெரிதாக மாட்டி வைப்பது அக்காலத்து வழக்கம்தானே. ஆகவே வாப்பா சொன்னதில் பிழை சொல்ல இயலாது. எண்பதுகளில் நாநா ஒரு றோல் கமரா வாங்கிய பிறகும் அந்த முப்பத்தாறு படங்களுக்குள் வந்தவர்கள் ஆண்களும் சின்னப் பிள்ளைகளும்தான். நாங்கள் வயது வந்ததும் படங்களிலிருந்து மறைந்து போனோம். உம்மாவுக்கு அடையாள அட்டைக்கு எடுத்த ஒரே ஒரு படம் இருந்தது. அதில் அவர் யாரோ ஏசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பவர் போல இருப்பார்.

2005இல் ரியாதில் வேலை செய்த நாநா விடுமுறையில் வந்தபோது உம்மாவுக்கென்று ஒரு வெள்ளி நிற டிஜிட்டல் கமரா கொண்டு வந்தார். சவர்க்காரக் கட்டியை விட மெல்லியது. உம்மா அதைத் தொட்டும் பார்க்கவில்லை. நான்தான் எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். உம்மா வட்டிலப்பத்துக்கு முட்டை அடித்துக்கொண்டிருந்தார். ஒரு படம் எடுத்து, பின்பக்கத்துத் திரையில் அவருக்கே காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இதக் கழுவக் குடுக்கத் தேவல்லயா?"

"இல்ல உம்மா."

"அப்ப வேற ஒருத்தரும் பாக்க மாட்டாங்களா?"

"நாங்க காட்டினாத்தான் உம்மா."

உம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து, முந்தானையைச் சரியாகப் போட்டுக்கொண்டு, "அப்ப இன்னொண்டு எடுங்க" என்றார். அறுபது வயதைத் தாண்டிய மனுஷி. அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும், உம்மாவுக்கும் தன் படத்தைப் பார்க்க ஆசை இருந்திருக்கிறது என்று.

2009இல் நாங்கள் வீடு மாறியபோது அந்தக் கமராவின் சார்ஜர் தொலைந்து போயிற்று. எங்களுடைய கவலையீனம்தான். பிறகு பார்ப்போம், பிறகு பார்ப்போம் என்று கமரா அலுமாரிக்குள் கிடந்தது. 2011இல் உம்மா வபாத்தானார்கள்.

ஆகவே மகள் கமரா கேட்டபோது அவளது வாப்பா, "அலுமாரிக்குள்ள ஒண்டு கிடக்குதே, அதத் திருத்தி எடுக்க ஏலாதா? சீட்டுக் காசும் மிஞ்சும்" என்றார். அந்த நேரம் அவருக்கு மிஞ்சுகிற காசெல்லாம் பிரியாணிச் சட்டியாகத்தான் தெரிந்தது. என்றாலும் யோசனை மோசமில்லை என்று பழைய கமராவையும் பையில் போட்டுக்கொண்டேன்.

கொழும்புக்குப் போவதற்கு முன் பக்கத்திலேயே விசாரித்துப் பார்த்தேன். என் மதினி ஒருவர் போனில் விளம்பரம் பார்த்து, ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு மெல்லிய கமரா எடுப்பித்திருந்தார். பெட்டியில் 48 மெகாபிக்சல், 16 மடங்கு ஸூம் என்று பெரிதாகப் போட்டிருந்தது. படத்தைப் பார்த்தால் பிள்ளையின் முகம் தண்ணீரில் ஊறிய பாண் மாதிரி. மகள் பிறகு விளங்கப்படுத்தினாள். உள்ளே இருக்கும் கண் சின்னது, மலிவானது. அது காணாத புள்ளிகளைக் கமராவே இட்டு நிரப்பி எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுகிறது. ஸூம் என்பதும் எடுத்த படத்தின் நடுவை வெட்டிப் பெருப்பிப்பதுதான். கண்ணாடி வில்லைகள் நகர்ந்து தூரத்தில் இருப்பதைக் கிட்டக் கொண்டுவருவதே உண்மையான ஸூம். கமராவை மூடும்போது குழாய் உள்ளே போய், திறக்கும்போது வெளியே வருகிறதா என்று பார்த்தால் அநேகமாகத் தெரிந்துவிடும். எல்லா மெல்லிய கமராவுக்கும் இது பொருந்தாது. சிலவற்றில் வில்லைகள் உடம்புக்குள்ளேயே நெட்டுக்குத்தாக அடுக்கப்பட்டு, முன்னால் ஒரு பட்டகம் ஒளியைக் கீழே திருப்பிவிடும். 2002இல் மினோல்டா கம்பனி அப்படியொரு கமராவை வெளியிட்டது. அதில் வெளியே நீள்வது ஒன்றுமில்லை.

கண்டியில் புதிதாக ஒரு மெல்லிய கமரா இருந்தது. கொடக் பெயரில் வருகிற எப்இஸட் 55. 16 மெகாபிக்சல், ஐந்து மடங்கு உண்மையான ஸூம். எனக்குப் பிடித்திருந்தது. விலை கேட்டேன். என் சீட்டைப் போல் இரண்டு சீட்டு வேண்டும். போன்களிலேயே நல்ல கமரா வந்த பிறகு இந்தச் சாதியைச் செய்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். 2002இல் 11.3 மில்லிமீற்றர் தடிப்பில் கமரா செய்து உலகத்தை அதிசயிக்க வைத்த கெஸியோ கம்பனி 2018இல் இந்த வியாபாரத்தையே விட்டுவிட்டது. ஆகவே எங்களைப் போன்றவர்களுக்குப் பாவித்த கமராதான் கதி என்று விளங்கியது.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை நானும் மகளும் அவளது வாப்பாவும் கொழும்புக்கு பஸ் ஏறினோம். பழைய கமராக்களைத் துடைத்து விற்கிற ஒரு சின்னக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருபது, இருபத்தைந்து கமராக்கள் மீன் கடையில் அடுக்கியது போல வெள்ளியாக மின்னிக்கொண்டு கிடந்தன. கடையில் இருந்தவர் என் மகன் வயதுத் தம்பி. இளம் பிள்ளைகள் மறுபடியும் இதைத் தேடி வருகிறார்கள், மூன்று வருடத்துக்கு முன் சும்மா கொடுத்தாலும் எடுக்க ஆளில்லை என்றார்.

அவர் முதலாவதாக எடுத்துத் தந்த கமராவை மகள் திறந்து பழைய படங்களைப் பார்க்கிற பொத்தானை அழுத்தினாள். திரையில் யாரோ ஒரு குடும்பம். கேக், பலூன், கட்டிலில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு ஒரு தாய். நான் சட்டென்று கையால் மூடினேன். "தம்பி, இது யார்ர படம்?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளைக்கும் வெட்கமாகப் போய்விட்டது. "கார்ட எடுத்திட்டுத்தான் விப்பாங்க உம்மா. ஆனா கமராக்குள்ளயும் கொஞ்சம் இடம் ஈக்கும். அதுல பதிஞ்சத மறந்திடுவாங்க" என்று சொல்லி அங்கேயே அழித்தார். அந்தத் தாய் எந்த ஊரோ, எந்தச் சாதி சனமோ. தன் படம் கண்ணாடிப் பெட்டிக்குள் விலைக்குக் கிடந்தது அவருக்குத் தெரியவே போவதில்லை. வாப்பா சொன்ன ஸ்டூடியோக் கண்ணாடிதான் ஞாபகம் வந்தது. சகோதரிகளே, வீட்டில் பழைய கமராவோ போனோ விற்கும்போது இதை ஒரு தரம் பாருங்கள்.

பாவித்த கமரா வாங்குவது பாவித்த தையல் மெஷின் வாங்குவது மாதிரி. சத்தத்தைக் கேட்க வேண்டும். திறக்கும்போது குழாய் கரகரவென்று அரைபடாமல் வர வேண்டும். மணல் போன கமரா அங்கேயே காட்டிக் கொடுத்துவிடும். வில்லைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வெள்ளையாகப் படர்ந்திருப்பது பூஞ்சணம். எங்கள் நாட்டு ஈரலிப்புக்கு, அதுவும் மலைநாட்டுக்கு, அது சாதாரணம். அப்படியானதைத் தொடவே கூடாது. வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பார்த்தால் புள்ளி, கறை தெரியும். பற்றரி மூடியின் கொக்கி உடைந்திருக்கிறதா என்று நகத்தால் தட்டிப் பார்க்க வேண்டும். உடைந்ததைப் பசை நாடாவால் ஒட்டி வைத்திருப்பார்கள். பிளேஷ் அடிக்கிறதா என்று பார்க்க மறக்கக் கூடாது. இவையெல்லாம் எனக்கு முன்பே தெரிந்தவையல்ல. பாதியை மகள் வாசித்து வந்திருந்தாள், மீதியை அந்தத் தம்பியே சொல்லித் தந்தார். தன் சாமானின் குறையைத் தானே காட்டுகிற கடைக்காரரிடம் வாங்குவதில் பரக்கத் இருக்கும் என்று எனக்குப் பட்டது.

அப்போதுதான் பையிலிருந்த எங்கள் பழைய கமராவை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "நல்ல சாமான். ஆனா இந்தப் பற்றரி எங்கிட்ட இல்ல. கார்டும் எக்ஸ்டி கார்ட். இப்ப செய்றதில்ல" என்றார். 2002இல் ஒலிம்பஸும் புஜிபில்மும் சேர்ந்து கொண்டு வந்த கார்டாம் அது. எல்லாரும் எஸ்டி கார்டுக்கு மாறியபோது அவர்களும் மாறிவிட்டார்களாம். எங்கள் வீட்டிலுள்ள எந்தக் கம்பியூட்டரிலும் அது நுழையாததன் காரணம் அன்றுதான் விளங்கியது. ஆகவே பாவித்த கமரா பார்க்கிறவர்கள் முதலில் கார்டைப் பாருங்கள். எஸ்டி கார்ட் போடுகிறதென்றால் கவலையில்லை. அதிலும் 2006க்கு முந்தியவை பல 2 ஜீபீக்கு மேற்பட்ட கார்டை ஏற்காது. பெரிய கார்டாக வாங்கிக்கொண்டு போய்க் கமரா பழுது என்று கடைக்காரரோடு சண்டை பிடிப்பதில் அர்த்தமில்லை.

"உள்ளுக்க படம் ஈக்குதா?" என்று அவர் கேட்டார்.

இருக்கும் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மேசைக்கடியில் ஒரு பெட்டியைக் கிளறி, நாலைந்து துவாரம் வைத்த ஒரு பழைய ரீடரை எடுத்தார். கார்டைச் செருகினார். பிறகு திரையைத் தன் பக்கம் வைத்துக்கொள்ளாமல், கம்பியூட்டரையே எங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எழுந்து கடை வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். யார் வளர்த்த பிள்ளையோ, அல்லாஹ் அவருக்கு அருள் புரியட்டும்.

அறுபத்தொரு படங்கள். நான்கு திறபடவில்லை. நாநா, பிள்ளைகள், வாசல் ஜம்பு மரம், யாருடையதோ கால். குசினிப் படமும் இருந்தது. இத்தனை வருடமும் நான் நினைத்திருந்தது, அந்த இரண்டாவது படத்தில் உம்மா நேராகப் பார்த்துச் சிரிக்கிறார் என்று. அப்படி இல்லை. கடைசி நேரத்தில் வெட்கம் வந்து முந்தானையால் வாயை மூடியிருக்கிறார். கண் மட்டும் சிரிக்கிறது. கையில் முட்டை நுரை. நான் அந்தக் கடையில் நின்று அழுதேன். என் கணவர் ஒன்றும் பேசாமல் தன் லேஞ்சியைத் தந்தார். வீட்டுக்கு வந்த பிறகும் மிஞ்சுகிற காசைப் பற்றி அவர் பேசவில்லை.

மகளுக்கு எடுத்தது 2011இல் வெளிவந்த கெனன் இக்ஸஸ் 115. 12 மெகாபிக்சல், நான்கு மடங்கு ஸூம், இரண்டு சென்றிமீற்றர் தடிப்பு, ஒரு பெரிய தக்காளிப் பழத்தின் பாரம். எஸ்டி கார்ட் போடுகிறது. பற்றரி பழைய கெனன் கமராக்கள் பலவற்றுக்கும் பொதுவானது என்பதால் இன்னும் கிடைக்கிறது. அதை விடப் புதிய ஒன்றும் அங்கே இருந்தது. அதில் வைபை உண்டு, எடுத்த படத்தை நேரே போனுக்கு அனுப்பலாம் என்றார் தம்பி. விலையில் நாலாயிரம்தான் வித்தியாசம். மகள் சிரித்துக்கொண்டு, "அது இல்லாததாத் தாங்க" என்றாள். உள்ள வசதி வேண்டாம் என்று கேட்டு வாங்குகிற வாடிக்கையாளரை அவர் அன்றுதான் கண்டிருப்பார். சார்ஜரோடு இருபத்து நாலாயிரம். இன்னொரு பற்றரியும், இரண்டு 8 ஜீபீ கார்டும், ஒரு சின்ன உறையும் எடுத்தபோது சீட்டுக் காசில் பஸ் செலவு மட்டும் மிஞ்சியது.

பரிசு என்று கலியாணத்தன்று பொதி சுற்றிக் கொடுக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்பே அவள் கையில் கொடுத்தேன். பழகினால்தானே எடுக்க வரும்? மெல்லிய கமராவுக்கு வில்லையும் சிறிது, உள்ளே இருக்கும் கண்ணும் சிறிது. வெளிச்சம் குறைந்த இடத்தில் அது திணறும். அதன் பிளேஷ் சுமார் மூன்று மீற்றருக்கு மேல் எட்டாது. மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து பிளேஷ் அடித்தால் முன்னால் இருப்பவரின் முக்காடு மட்டும் வெள்ளையாக விழும். பொத்தானைப் பாதி அழுத்தி, பச்சைக் கட்டம் வந்த பிறகே முழுதாக அழுத்த வேண்டும். முழங்கையை விலாவோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். இதையெல்லாம் தங்கச்சியின் பதினான்கு வயது மகள்தான் எங்கள் எல்லாரையும் விடக் கெதியாகப் பிடித்துக்கொண்டாள். கலியாணத்தன்று கமரா அவளிடம் என்று தீர்மானமாயிற்று.

அழைப்பிதழின் அடியில், பெண்கள் பகுதியில் கைத்தொலைபேசியால் படமெடுப்பதைத் தவிர்க்குமாறு ஒரு வரி போட்டோம். அதை ஒருவரும் வாசிக்கவில்லை என்பது வாசலில் தெரிந்தது. மூத்த மகளும் அவளது இரண்டு தோழிகளும் மேசை போட்டு, இலக்கம் தைத்த சின்னத் துணிப் பைகளில் போன்களை வாங்கி வைத்தார்கள். அவர்களில் ஒருத்தி அன்று ஸ்டேட்டஸ் போட்ட அதே பிள்ளை. தானாகக் கேட்டு வந்து நின்றாள். பெரும்பாலானோர் சந்தோஷமாகத் தந்தார்கள். மாப்பிள்ளை வீட்டு மாமி ஒருவர் மட்டும், "எங்களக் கள்ளர் மாதிரி சோதிக்கிறீங்களே" என்று முகத்தைத் தூக்கினார். சுகமில்லாத கணவரை வீட்டில் விட்டு வந்திருக்கிறார், போன் வந்தால் எடுக்க வேண்டும். அதுவும் நியாயம்தான். அவருடைய போனை நானே இடுப்பில் சொருகிக்கொண்டு அன்று முழுக்க அவர் பக்கத்திலேயே திரிந்தேன். இரண்டு தரம் அடித்தது. இரண்டு தரமும் மருந்து எங்கே இருக்கிறது என்றுதான் அந்த மனிதர் கேட்டார்.

பெரிய கமராவைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தால் பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள், அல்லது சிலை மாதிரி நிற்பார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் கமராவோடு ஒரு சின்னப் பிள்ளை திரிந்ததை ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. அன்றிரவு பார்த்தால் முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள். எழுபது எண்பது மங்கல். ஆனால் ஸஹனைச் சுற்றியிருந்து ஒருவருக்கொருவர் இறைச்சித் துண்டைத் தள்ளிவிடுகிற சாச்சிமார், தூங்கிப் போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே சாப்பிடும் மூத்த மகள், மணப்பெண்ணின் காதில் ஏதோ சொல்லிச் சிரிக்கும் அந்த மாமி, எல்லாரும் அதற்குள் இருந்தார்கள். நானும் நாலு படத்தில் இருக்கிறேன். என் சிரிப்பு இவ்வளவு அகலம் என்று எனக்குத் தெரியாது.

படம் அடிக்க ஸ்டூடியோவுக்குப் போகவில்லை. மகளின் தோழி வீட்டில் தபாலட்டை அளவுப் படம் அடிக்கிற சின்னப் பிரிண்டர் ஒன்று இருக்கிறது. தாள்க் காசைக் கொடுத்து அங்கேயே இருந்து நாற்பது படம் அடித்தார்கள். மாமி தனக்கு இரண்டு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு படம் எனக்கு. முட்டை நுரையோடு உம்மா. அது இப்போது என் அலுமாரியின் கீழ்த்தட்டில், அல்பத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது. அதன் ஒரு பிரதியை நாநாவுக்கு அனுப்பச் சொல்லி வட்ஸ்அப்பில் கேட்டார்கள். அனுப்பவில்லை. வருகிறவரின் கையில் கொடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன்.

மகள் புருஷன் வீட்டுக்குப் போய் மூன்றாம் நாள் போன் எடுத்தாள். ஸலாம் சொன்னதும் நான் என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டேன்.

"உம்மா, கமரா சார்ஜர உங்கட குசினி மேசையில விட்டுட்டு வந்திட்டன்."

மறுநாள் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு அவளது வாப்பாவை முதல் பஸ்ஸிலேயே அனுப்பி வைத்தேன்.